சப்பாத்தோடு வாருங்கள்

தேர்தல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டுவார்கள். மூன்று அம்புக்குறிகள் இருக்கும். முற்கூட்டியே வந்து வாக்களிக்கலாம், தபாலில் அனுப்பலாம், தேர்தல் நாளன்று நேரில் வரலாம். வாக்காளர் தமக்கு வசதியான வழியைத் தேர்ந்துகொள்வார் என்று கீழே எழுதியிருக்கும். படம் நல்ல படம்தான். அந்த ‘வசதியான’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவள். இனி என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது என்பதால் உள்ளதைச் சொல்கிறேன்.

வசதி பார்த்து வாக்களித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. டாக்சி ஓட்டும் ஒருவர் எல்லாத் தேர்தலிலும் முற்கூட்டியே வந்து போட்டுவிடுவார். வேலை நெருக்கடியாக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் அவரே சொன்னார், தேர்தல் நாளில் வீட்டில் இருந்தால் மைத்துனர் வந்து யாருக்குப் போடுவது என்று பாடம் எடுப்பாராம். “போட்டாச்சு எண்டு சொன்னா ஆள் வாயை மூடிடுவார்.” இன்னொரு குடும்பத்தில் கணவன் முற்கூட்டியே போடுவார், மனைவி தேர்தலன்று போடுவார். இரண்டு பேருக்கும் இரண்டு கட்சி. ஒரே காரில் போய் வந்தால் திரும்பி வரும்போது பேச்சு சரியில்லாமல் போகிறதாம். தபால் வாக்குக்கு விண்ணப்பித்த ஒரு பெரியவர், உறையை ஒட்டி, முத்திரை சரிபார்த்து, அதைத் தன் கையாலேயே எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து தந்தார். தபால்காரரில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பின்னே ஏன் ஐயா தபால் வாக்கு என்று கேட்டேன். வரிசையில் நிற்பது பிடிக்காது என்றார்.

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. அவற்றில் எனக்கு இன்றைக்கும் மறக்க முடியாதது புவனம் அக்காவின் காரணம்.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. மத்திய தேர்தல், அக்டோபர் கடைசி. எங்கள் சனம் இலங்கையிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, குடியுரிமை எடுத்து முதன்முதலாக வாக்களிக்கத் தொடங்கிய காலம். அஜின்கோர்ட்டில் ஒரு வாக்களிப்பு நிலையத்துக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டிருந்தார்கள். எனக்கு மேலே, தொகுதி முழுவதற்கும் பொறுப்பாக ஒரு அம்மையார் இருந்தார். வெள்ளைக்காரி, நெடிய உருவம், ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியால்தான் பதில் சொல்வார். அவர் நல்ல மனத்தோடு ஒரு காரியம் செய்தார். எங்கள் பகுதியில் தமிழர்கள் நிறைய என்பதால் ஒரு பிள்ளையார் கோயிலின் மண்டபத்தை வாக்களிப்பு நிலையமாக எடுத்தார். “உங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும், இல்லையா?” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஆனால் சொன்னது எல்லா வாக்காளருக்கும் அறிவித்தல் அட்டை போன பிறகு. முதலே என்னைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

கோயில் என்றதும் கோபுரத்தை நினைக்காதீர்கள். இது றிச்மண்ட் ஹில் கோயில் மாதிரி இல்லை. வரிசையாகத் தொழிற்கூடங்கள் இருந்த ஒரு கட்டடத்தில் ஒரு பக்கம் காருக்கு ரயர் மாற்றுகிற கடை, மறுபக்கம் குசினி அலுமாரி செய்கிற இடம், நடுவில் பிள்ளையார். பிள்ளையாரோடு ஒட்டியிருந்த அடுத்த கூடத்தையும் வாடகைக்கு எடுத்து மண்டபம் ஆக்கியிருந்தார்கள். முன்பக்கம் இரண்டுக்கும் ஒரே வாசல். உள்ளே நுழைந்தால் சப்பாத்து, செருப்பெல்லாம் கழற்றி வைக்கிற தட்டு. இடப்பக்கம் திரும்பினால் பிள்ளையார், வலப்பக்கம் திரும்பினால் மண்டபம். பூசை முடிந்ததும் சனம் சம்மணம் கட்டி இருந்து சாப்பிடுகிற இடம் அது. கோயில் தலைவர் அண்மையில்தான் அங்கே ஒரு வெளிர்நிறக் கம்பளம் விரித்திருந்தார். சொந்த மகளுக்குச் சீதனம் கொடுத்தவர் போல அதைப் பற்றி எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார்.

காலையில் எல்லாம் அமர்க்களமாகத்தான் தொடங்கியது. சனம் வந்தது, சப்பாத்தைக் கழற்றியது, இடப்பக்கம் போய்த் தோப்புக்கரணம் போட்டது, திருநீறோடு வலப்பக்கம் வந்து வாக்குப் போட்டது. ஒரு ஐயா வாக்குச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னோடு வேலை செய்தவர் மார்கரட், ஓய்வு பெற்ற நூலக ஊழியர். எல்லோரும் சப்பாத்தைக் கழற்றுவதைப் பார்த்து அவரும் மரியாதையாகக் கழற்றிவைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். “இவ்வளவு பக்தியான தேர்தலை நான் கண்டதில்லை” என்றார்.

முற்பகல் கடந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பல ஆண்கள் தனியே வருகிறார்கள். நாலைந்து பேரிடம் “வைஃப் வரேல்லையோ அண்ணை?” என்று கேட்டேன். ஒருவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர், “அவவுக்குச் சுகமில்லை” என்றார். அஜின்கோர்ட்டில் இத்தனை பெண்களுக்கு ஒரே நாளில் காய்ச்சல் வராது. மாதவிலக்கு என்றால் எங்கள் பெண்கள் கோயில் வாசற்படி மிதிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் அந்த ஊர்க்காரிதான். பள்ளிக்கூடமாக இருந்தால் வந்திருப்பார்கள். சேர்ச்சின் நிலவறையாக இருந்தால்கூட வந்திருப்பார்கள். சொந்தக் கோயில் என்றதால் வீட்டில் இருந்துவிட்டார்கள்.

“யாரைத் தேடுகிறீர்கள்?” என்று மார்கரட் கேட்டார்.

“வராதவர்களை” என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

மதியம் போல நான் வாசலுக்கு வந்தபோது, ரயர் கடை வாசலில் ஒருவர் நின்று என்னைக் கையால் கூப்பிட்டார். தவராசா அண்ணை. புவனம் அக்காவின் கணவர். பிறம்ரனில், சாமான்கள் அடுக்கிவைக்கும் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை செய்பவர், எங்கள் அடுக்குமாடியில்தான் குடியிருந்தார். குளிர் காற்று முகத்தில் அறைந்தது. நான் வாசலில் நின்றபடி சொன்னேன்.

“உள்ளுக்கு வாங்கோவன் அண்ணை, வெளியிலை குளிர்.”

“வரேலாது தங்கச்சி. துடக்கு.”

உங்களில் இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்தால் அவருடைய பங்காளிக் குடும்பங்கள் முப்பத்தோராம் நாள் வரை கோயிலுக்குள் போவதில்லை. அதுதான் துடக்கு. கடைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், கோயில் மட்டும் கூடாது. தவராசா அண்ணையின் தமையன் முந்தநாள் ஊரில் இறந்துவிட்டாராம்.

நான் இரண்டு வார்த்தை துக்கம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“நான் முன்னுக்கே போட்டிட்டன். வேலைக்குப் போற வழியிலை, உந்தச் சேர்ச்சிலை வைச்சவங்கள். இவ புவனந்தான் வரமாட்டன் எண்டு நிண்டவ. இப்ப வீட்டிலை இருந்து அழுறா.” சட்டைப் பைக்குள் கைவிட்டு அறிவித்தல் அட்டையை எடுத்தார். “இந்தாரும், அவவின்ர கார்ட். நான் உள்ளுக்கு வரேல்லை. நீரே அவவுக்காக ஒண்டைப் போட்டுவிடும்.”

“ஆருக்கு?”

“நான் சொல்லுறன்.”

“அக்காவுக்குத் தெரியுமோ நீங்கள் இஞ்சை வந்தது?”

அவர் ரயர் கடைக் கண்ணாடியைப் பார்த்தார். “அவவுக்கு ஏன் தெரியவேணும்? வோட்டு விழுந்தாச் சரிதானே.”

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஒருவருடைய வாக்கை இன்னொருவர் போட முடியாது, நான் போட்டால் எனக்கு வேலையும் போகும், மறியலிலும் அடைத்துவிடுவார்கள் என்று விளக்கினேன். அவர் நீட்டிய அட்டையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். “அப்ப நீரே அவவுக்குச் சொல்லும். நான் சொன்னா என்னைத்தான் ஏசுவா” என்று என்னை ரயர் கடைக்குள் கூட்டிப்போய், கடைக்காரரின் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்து என் கையில் தந்தார்.

புவனம் அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். அழுத குரல், ஆனால் கோபம்தான் முன்னுக்கு நின்றது.

“பிள்ளை, அந்த மனுசன் உயிரோடை இருக்கேக்கை எங்களோடை பத்து வருசமாப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கலியாணத்துக்குச் சொன்னவனில்லை. செத்தும் என்ர வோட்டைப் பறிக்கிறான் பாரும்.”

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். “அண்ணையோடை முன்னுக்கே போய்ப் போட்டிருக்கலாமே அக்கா?”

“முன்னுக்குப் போட்ட பெட்டியை இவ்வளவு நாளும் எங்கை வைச்சிருக்கினம்? ஆர் காவல்? சொல்லும் பாப்பம்.”

“சரி, தபாலிலை?”

“அது எத்தினை பேற்றை கை மாறும்? நான் போட்டதுதான் போய்ச் சேர்ந்தது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? என்ர கையாலை பெட்டிக்குள்ளை போடோணும், அது விழுறதை என்ர கண்ணாலை பாக்கோணும். கோயிலடி எண்டு கார்ட் வந்தவுடனை எனக்குச் சந்தோசம் பிள்ளை. பிள்ளையாரைக் கும்பிட்டிட்டுப் போடுவம் எண்டு சீலை எல்லாம் எடுத்து வைச்சிருந்தன்.”

பிறகு குரல் தாழ்ந்தது.

“ஊரிலை ரெண்டு தரம் போடப் போனனான். முதல் தரம், உங்கட வோட்டுப் போட்டாச்சு, போங்கோ எண்டாங்கள். அடுத்த தரம் விடியவெள்ளன எழும்பிப் போனன். அதுக்கும் ஆரோ எனக்கு முதலே வந்து போட்டிட்டுப் போயிட்டாள். என்ர பேரிலை. அவள் ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. இந்த வயசு வரைக்கும் நான் ஒரு வோட்டுப் போடேல்லை பிள்ளை.”

பக்கத்தில் நின்ற தவராசா அண்ணையின் கையில் அந்த அட்டை இருந்தது. அவர் செய்ய வந்த காரியத்தை நான் அக்காவிடம் சொல்லவில்லை. முற்கூட்டிய வாக்களிப்பு முடிந்துவிட்டது. தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கும் நாளும் கடந்துவிட்டது. அவருக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு மண்டபம், இரவு எட்டு மணி வரை. அந்த மண்டபத்துக்குள் கால்வைக்க அவருக்கு மனம் வராது.

கோயில் அலுவலகத்திலிருந்து எங்கள் அம்மையாருக்குத் தொலைபேசி எடுத்தேன். துடக்கை ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

“தொற்றுநோயா?” என்றார் முதலில்.

“இல்லை அம்மா. ஓர் இறப்பு.”

“ஐயோ, நிலையத்திலா?”

“இல்லை. இலங்கையில்.”

நான் பொறுமையாக முழுவதையும் சொன்னேன். பெண்களின் கதையையும் சொன்னேன், சுற்றி வளைக்காமல்.

“இவர்கள் ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்குள் வருவார்களா?”

“தாராளமாக.”

“சொந்தக் கோயிலுக்குள் வரமாட்டார்கள்.”

“வரமாட்டார்கள்.”

“நான் அவர்களுக்கு உதவி செய்கிறேன் என்றல்லவா நினைத்தேன்” என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் ஒப்பாரி வைக்கிற ஆள் இல்லை. “நிலையத்தை இன்றைக்கு இடம் மாற்ற முடியாது. போய் யாரையும் கூட்டிக்கொண்டு வரவும் முடியாது, அது நம் வேலை இல்லை. சரி, அங்கே உன் பொறுப்பில் என்னென்ன இருக்கிறது?”

“மேசை, பெட்டி, மறைப்புத் தட்டி, உட்காரக் கதிரை, கதவு.”

“எத்தனை கதவு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எத்தனை கதவு! மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. முன்பு பாரவண்டிகள் சாமான் இறக்கிய கதவு. அது கட்டடத்தின் பின்னால் போகும் சந்தில், அந்த ஒழுங்கையில், நேரே திறக்கும். அந்த வழியால் வந்தால் பிள்ளையார் பக்கம் எட்டியும் பார்க்கத் தேவையில்லை. நானும் மார்கரட்டும் சேர்ந்து அந்தக் கதவைத் திறந்து, ‘வாக்களிப்பு நிலையம்’ என்று அறிவித்தலை ஒட்டி, மண்டபத்துக்கும் முன்வாசலுக்கும் இடையில் இருந்த கதவைச் சாத்தினோம். முன்னால் வருபவர்களுக்குப் பின்னால் போகச் சொல்லி அம்புக்குறி வைத்தோம். எனக்கு என்னை நினைக்கவே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. பின்கதவுக்கு வந்த முதல் மனிதர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இரண்டாவது ஆள் பார்த்தார், அவரும் கழற்றினார். ஒழுங்கையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தச் சேற்றுக்கு நடுவிலும் சப்பாத்துகள் ஒரு குவியலாகச் சேர்ந்துவிட்டன. தவராசா அண்ணை ரயர் கடையைச் சுற்றிக்கொண்டு வந்து தூரத்தில் நின்று பார்த்தார்.

“பின்வாசல் எண்டாலும் என்ன தங்கச்சி” என்றார். “சப்பாத்துக் கழட்டுற இடம் கோயில்தானே. புவனத்துக்குச் சொன்னா இதைத்தான் கேப்பா, எல்லாரும் சப்பாத்தோடையோ போகினம் எண்டு.”

அவர் சொன்னது சரி. சுவரும் கதவும் வாடகைப் பத்திரமும் என்னவும் சொல்லட்டும், சனத்துக்கு எது கோயில் என்பதைச் சொன்னது அந்தச் சப்பாத்துக் குவியல். பிள்ளையார் பக்கத்துக் கூடத்தில் இருக்க, நாங்கள்தான் காலையிலிருந்து எல்லோருமாகச் சேர்ந்து இந்தக் கூடத்தையும் கோயிலாக்கிக்கொண்டிருந்தோம். மார்கரட் உட்பட.

போய் என் சப்பாத்தை எடுத்து மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தேன். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், கால் கூசியது. மார்கரட்டையும் போடச் சொன்னேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, அவருக்குக் கால் விறைத்துப் போயிருந்தது. பின்கதவில், ‘தயவுசெய்து சப்பாத்தோடு வாருங்கள்’ என்று பெரிதாக எழுதி ஒட்டினேன்.

ஐந்து நிமிடத்தில் கோயில் தலைவர் வந்துவிட்டார்.

“என்ன பிள்ளை அநியாயம் இது! ஆர் உமக்குச் சொன்னது?”

“தலைவர், இண்டைக்கு இது வாக்களிப்பு நிலையம். வராத சனம் வரவேணும்.”

“வரட்டும், வேண்டாமெண்டனானோ? காலைக் கழுவிப்போட்டு வரட்டும். கார்பெட்டைப் பாரும்! புதுக் கார்பெட்!”

அவருக்குத் துடக்கும் பெரிதில்லை, தேர்தலும் பெரிதில்லை, கம்பளம்தான் பெரிது. வரிசையில் நின்றவர்களும் வாயைத் திறந்தார்கள். ஒருவர் நல்லூரில் இப்படி என்றார், மற்றவர் கொழும்பில் அப்படி என்றார். சப்பாத்தைப் போட்டவர் கழற்றினார், கழற்றியவர் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாலை நான்கரை தாண்டிவிட்டது.

மார்கரட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு பிள்ளையார் பக்கம் போனேன். கோயில் பூசகர், எங்கள் ஐயர், பூசைக்கு முன் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கொஞ்சம் அபூர்வமான மனிதர். கோயிலில் வருமானம் போதாது என்பதால் கொஞ்சக் காலம் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலையும் செய்தவர்.

“ஐயா, அந்த மண்டபம் கோயிலோ?”

“ஏன் பிள்ளை, வாடகையைக் கூட்டப் போறாங்களோ?”

புவனம் அக்காவின் கதையைச் சொன்னேன். வராத மற்றப் பெண்களைப் பற்றியும் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

“மூர்த்தி இருக்கிறது இஞ்சை. அது நாங்கள் சாப்பிடுற இடம். முந்திக் கதவு, யன்னல் செய்தவங்கள். இப்பவும் சுவரிலை அவங்கட ஆணி கிடக்கு.”

“அதை நீங்கள் வந்து சனத்துக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன் ஐயா.”

“சொன்னா வாதாடுவினம். ஒருத்தருக்குப் பதில் சொல்ல மற்றவர் தொடங்குவார். உங்கட எட்டு மணி வந்திடும்.” கொஞ்சம் யோசித்தார். “எனக்கும் அங்கைதானே வோட்டு?”

எழுந்து உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்தபோது வேட்டி, அதற்கு மேலே தடித்த குளிரங்கி, காலில் ஒரு சோடி பூட்ஸ். சாதாரண பூட்ஸ் இல்லை. முன்பு களஞ்சியத்தில் போட்ட, நுனியில் இரும்பு வைத்த, சேறு காய்ந்த பூட்ஸ். ஒரு வார்த்தை பேசாமல் முன்வாசலால் வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி, ஒழுங்கையின் தண்ணீரைத் தாண்டாமல் அதற்குள்ளேயே இறங்கி நடந்து, பின்கதவால் மண்டபத்துக்குள் வந்தார். சளக், சளக் என்று ஒவ்வொரு அடியும் கேட்டது. வரிசை தானாக விலகியது. அவர் விலகவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எல்லோருக்கும் பின்னால் போய் நின்றார்.

கையில் சப்பாத்தோடு நின்றவர்கள் அதைக் காலில் மாட்டிக்கொண்டார்கள். தலைவர் மட்டும் ஐயரின் காலைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார். பிறகு மின்னல் வேகத்தில் குனிந்து கம்பளத்தின் ஒரு மூலையைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினார். “மேசையைத் தூக்குங்கோ! தூக்குங்கோ!” வாக்குப்பெட்டியில் கைவைக்க விடமாட்டேன் என்று நான் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். மார்கரட் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். இரண்டு நிமிடத்தில் கம்பளம் சுருளாகச் சுவரோரம் போய்ச் சேர்ந்தது. கீழே வெறும் கொங்கிறீற் தரை. எண்ணெய்க் கறை, அங்கங்கே மஞ்சள் பெயின்ற் கோடுகள்.

ஐயர் தன் முறை வந்ததும் வாக்களித்துவிட்டு அதே பூட்ஸோடு போனார். போகும்போது என்னைப் பார்த்து, “பூசைக்கு நேரமாச்சு. நான் இனிக் குளிக்கோணும், உங்களாலை” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

நான் யாரையும் கூப்பிடவில்லை. யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. ஆனால் எங்கள் சனத்துக்குள் ஒரு செய்தி பரவுகிற வேகம் உங்களுக்குத் தெரியும். ஐயர் பூட்ஸோடு போய் வோட்டுப் போட்டார் என்பது ஆறு மணிக்குள் அஜின்கோர்ட் முழுக்கக் காற்றாய்ப் பறந்துவிட்டது. பெண்கள் வரத் தொடங்கினார்கள். இரண்டிரண்டு பேராக, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பின் ஒழுங்கையால். காலையில் கூரையைப் பார்த்த மனிதர் மனைவியோடு வந்தார். இந்த முறை தரையைப் பார்த்தார்.

ஏழு மணிக்கும் புவனம் அக்கா வரவில்லை. நான் கதவைப் பார்ப்பதும் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். மார்கரட் எனக்கு ஒரு பிஸ்கட் தந்தார். அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி கதவைப் பார்த்தேன்.

ஏழரை மணி இருக்கும். கதவடியில் தவராசா அண்ணையின் குரல் கேட்டது. அவருக்குப் பக்கத்தில் மண்ணிறக் குளிரங்கி, அதற்குக் கீழே நாலு விரற்கடை பச்சைச் சீலை, காலில் கறுத்தப் பூட்ஸ். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சாத்தியிருந்த இடைக்கதவைப் பார்த்தார். சுருட்டிவைத்த கம்பளத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அன்று பின்னேரம் முழுக்க நடந்தவர்களின் சேறு அதில் அப்பிக் கிடந்தது.

“என்ன இந்த மஞ்சள் கோடு?” என்று கணவரைக் கேட்டார்.

“சாமான் தூக்குற ஃபோர்க்லிஃப்ற் போற பாதை” என்றார் தவராசா அண்ணை. நாள் முழுக்க அவர் தலைநிமிர்ந்து சொன்ன ஒரே பதில் அதுதான். “எங்கட வேலையிடத்திலையும் உப்பிடித்தான் கிடக்கு.”

“அப்ப இது கோயிலில்லை” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே வந்தார்.

மேசைக்கு வந்ததும் அவர் முகம் மாறிப்போனது. பெயரைச் சொன்னார், அட்டையைத் தந்தார், பிறகு எதற்கோ அடிவாங்கத் தயாராகிறவர் போல நின்றார். மார்கரட் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே வந்தார். அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பெயர்கள் கோடு போட்டு முடிந்திருந்தன.

“பிள்ளை” என்று அக்கா என்னிடம் மெல்லக் கேட்டார். “ஆரும் போட்டிட்டினமோ?”

மார்கரட்டின் விரல் நின்றது. நான் அந்தப் பக்கத்தை அக்காவின் பக்கம் திருப்பவில்லை, அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் எனக்குத் தெரிந்தது. “ஒருத்தரும் போடேல்லை அக்கா. உங்கட பேர் அப்பிடியே இருக்கு.”

மார்கரட் வாக்குச்சீட்டை மடித்துக் கொடுத்தார். தட்டிக்குப் பின்னால் அக்கா நெடுநேரம் நின்றார். ஒரு பெயருக்கு நேரே புள்ளடி போட அவ்வளவு நேரம் எடுக்காது. நாங்கள் அவசரப்படுத்தவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், யாரையும் அங்கே அவசரப்படுத்தாதீர்கள். வெளியே வந்து, மடித்த சீட்டைப் பெட்டியின் வாயில் வைத்து, விட்டுவிட்டு, குனிந்து அந்தத் துவாரத்துக்குள் பார்த்தார். விழுந்ததா என்று பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதற்காக நான் வெட்கப்படவில்லை.

வசதி என்ற சொல்லை ஏன் நம்பவேண்டாம் என்றேன் என்பது இப்போது விளங்குமென நினைக்கிறேன். அக்காவுக்கு முற்கூட்டிய வாக்களிப்பு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தபால் வாக்கு வீட்டுக்குள்ளேயே வந்திருக்கும். எல்லாவற்றிலும் வசதி குறைந்த வழியைத்தான் அவர் பிடித்துக்கொண்டு நின்றார், அது தன் கையால் நடக்கும் என்பதற்காக. எங்கள் அம்மையார் அடுத்த தேர்தலில் இடம் எடுப்பதற்கு முன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “சப்பாத்தோடு போகலாமா?” என்பதுதான் முதல் கேள்வி. கோயில் மண்டபத்தை மறுபடி அவர் எடுக்கவில்லை, தலைவருக்கும் அதில் கவலை இல்லை.

அக்கா கதவடிவரை போய்த் தவராசா அண்ணையிடம் குடையை வாங்கினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் திரும்பி மேசைக்கு வந்து, என் பக்கம் குனிந்து சொன்னார்.

“பிள்ளை, இனி ஆரும் என்ர பேரைச் சொல்லிக்கொண்டு வந்தா, புவனேஸ்வரி வந்து போட்டிட்டுப் போயிட்டா எண்டு சொல்லும்.”

“சொல்லுறன் அக்கா” என்றேன்.

எட்டு மணிக்குக் கதவைச் சாத்தும்வரை நான் அந்தப் பெட்டியைவிட்டு நகரவில்லை.